எண்ணெய் நாடும் ஞாயிற்றொளியும்

செக்குடையான் ஒருவன், தான் ஆட்டிய எண்ணெயைக் குடங்குடமாகச் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தன் வீட்டுக்கு வேறுவகை விளக்கைத் தேடி அலைவானாயின், அண்டையயலார் அவனைக் கண்டு நகைப்பரன்றோ? "வீட்டிலேயே எண்ணெய் வழிந்தோட இவனுக்கு ஏன் இந்த வீண் முயற்சி?" என்று வினவுவர். அத்தகைய செக்குடையானைப் போல ஒழுகும் நாடுகள் சில இக்காலத்து உலகில் உள. அவற்றுள் அரபு ஐக்கிய அமீரகம் முதன்மையாக எண்ணத்தக்கது. நிலத்தடியில் எண்ணெய்ப் பெருநிதி படைத்த அந்நாடு, 2006-ஆம் ஆண்டு தொடங்கித் தன் பாலை மணலின்மேல் இலட்சக்கணக்கான தகடுகளைப் பரப்பி, ஞாயிற்றின் ஒளியினின்றும் மின்சாரம் எடுக்க முயன்று வருகின்றது. இம்முயற்சி அறிவுடைமையோ, ஆடம்பரமோ, அன்றி உலகோர் கண்ணை மறைக்கும் திரையோ என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

நாடும் அதன் முற்செல்வமும்

பாரசீக வளைகுடாவின் தென்கரையில் அமைந்தது இந்நாடு. அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், புஜைரா என்னும் ஆறு அமீர்களின் ஆட்சிப் பகுதிகள் 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஒன்றுகூடின. ராஸ் அல் கைமா 1972-இல் சேர, அமீரகம் ஏழாயிற்று. இவற்றுள் அபுதாபியே நிலப்பரப்பில் மிகப் பெரியது. எண்ணெய் வளத்தின் பெரும்பகுதியும் அதற்கே உரியது.

எண்ணெய் தோன்றுமுன் இம்மக்கள் எதனைக்கொண்டு வாழ்ந்தனர்? பேரீச்சை, மீன், ஒட்டகம் என்பவற்றோடு, கடலில் மூழ்கி எடுத்த முத்தே அவர்களுடைய தலையாய செல்வமாக இருந்தது. கொற்கை முத்தின் புகழைப் படித்து வளர்ந்த நமக்கு அத்தொழிலின் அருமை தெரியாததன்று. கோடை மாதங்களில் ஆடவர் மரக்கலமேறிச் சென்று, மூக்கை இடுக்கியால் அடைத்து, காலிற் கல்லைக் கட்டிக் கடலடிக்கு இறங்குவர். எடுத்த முத்துக்கள் வணிகர் கைமாறிப் பம்பாய்ச் சந்தையை அடைந்து, அங்கிருந்து ஐரோப்பா வரை செல்லும்.

இச்செல்வம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஜப்பானியர் சிப்பியை வளர்த்து அதனுள் முத்தை விளைவிக்கும் முறையைக் கண்டு, 1920-களில் அம்முத்துக்களை மலிவாக உலகச் சந்தையில் இறக்கினர். 1929-ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தமும் உடன் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் முத்துவணிகம் வீழ்ந்தது, கலங்கள் கரையேறின, கடன்பட்ட குடிகள் வறுமையுற்றனர். கடலில் சிப்பி அற்றுப்போகவில்லை. முத்தை வாங்குவாரே அருகினர். இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். ஒரு செல்வம் அழிவதற்கு அது தீர்ந்துபோதல் வேண்டுமென்பதில்லை. அதனை விரும்புவார் இல்லாமற்போனாலும் அஃது அழிந்ததே யாகும்.

1958-இல் அபுதாபியின் கடற்பகுதியில் உம்மு ஷைஃப் என்னுமிடத்தில் எண்ணெய் கண்டனர். 1962-இல் தாஸ் தீவினின்றும் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. அதன்பின் அந்நாடு வளர்ந்த கதை யாவரும் அறிந்ததே. எனினும், முத்தின் வீழ்ச்சியைக் கண்ட முதியோரின் மக்களும் பேரர்களுமே அவ்வெண்ணெயின் ஆட்சியை ஏற்றவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

வீட்டுச் செலவு

எண்ணெய் நாட்டார் தம் எண்ணெயை யெல்லாம் பிறர்க்கே விற்பர் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மை அவ்வளவு எளியதன்று. அமீரகத்தில் கோடை வெப்பம் 45 பாகையைக் கடப்பது வழக்கம். வீடு, கடை, பள்ளி, பணிமனை யாவும் குளிரூட்டும் பொறிகளின்றி இயங்கா. ஆறு ஒன்றேனும் அங்கில்லை. ஆதலின் குடிநீரைக் கடல்நீரினின்றும் பிரித்தெடுத்தே பருகுகின்றனர். இவ்விரண்டும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் பேரளவில் விழுங்குவன. இவற்றிற்கு அவர்கள் நெடுங்காலம் எரித்து வந்தது இயற்கை எரிவாயுவாகும்.

இவ்வெரிவாயுவின் தேவை ஆண்டுதோறும் பெருகியதனால் விளைந்தது யாது? 2007-ஆம் ஆண்டு முதல் அந்நாடு அண்டை நாடாகிய கத்தாரிலிருந்து, கடலடியில் ஏறத்தாழ 364 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே எரிவாயுவை விலைக்கு வாங்கலாயிற்று. செக்குடையான் அயல்வீட்டில் எண்ணெய் கடன் வாங்கியதை யொக்கும் இது. நிலத்தடியில் தன் எரிவாயு இல்லாமலில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு எண்ணெய்க் கிணறுகளின் அழுத்தம் குன்றாதிருக்க மீண்டும் உள்ளே செலுத்தப்பட வேண்டியிருந்தது. வேறொரு பங்கு கந்தகம் மிகுந்து தூய்மை செய்தற்கரியதாயிருந்தது.

இந்நிலையில் எளிய வீட்டுக்கணக்கு ஒன்று எழுகின்றது. உள்நாட்டில் எரியும் எரிவாயு, விற்பனைக்கோ வேறு தொழிற்கோ உதவாமற் கழிவது. பகலில் வீணே மணலைச் சுடும் வெயிலைக்கொண்டு அம்மின்சாரத்தைப் பெறக்கூடுமாயின், அவ்வளவு எரிவாயு மிச்சமாகும். எண்ணெயும் எரிவாயுவும் தந்தை புதைத்து வைத்த பொற்காசுகள் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். வெயிலோ ஆண்டுதோறும் விளையும் நன்செய் போன்றது. முதலைத் தின்பதினும் விளைவை உண்பதே குடிக்கு நலம். ஆகவே ஞாயிற்றொளியை நாடியது அந்நாட்டிற்கு முதற்கண் சிக்கனமே யன்றி வேறன்று.

முதல் முயற்சிகள்

2006-இல் அபுதாபி அரசினர் மஸ்தார் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினர். அச்சொல்லுக்கு அரபு மொழியில் ஊற்றுக்கண் அல்லது மூலம் என்பது பொருள். 2009-இல் அந்நிறுவனம் 10 மெகாவாட் ஆற்றலுள்ள சிறு ஒளிமின் நிலையமொன்றை அமைத்தது. ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட். ஒரு கிலோவாட் ஆற்றல் ஒரு மணிநேரம் செலவாயின் அதுவே நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் எனக் காண்பது. அதே 2009-ஆம் ஆண்டில், உலக நாடுகள் பல சேர்ந்து தொடங்கிய புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான சர்வதேச முகமையின் தலைமையிடமும் அபுதாபிக்கே கிடைத்தது.

2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மதீனத் ஸாயித் என்னும் ஊருக்கருகே ஷம்ஸ்-1 என்னும் 100 மெகாவாட் நிலையம் திறக்கப்பெற்றது. ஷம்ஸ் என்றால் ஞாயிறு. இது தகடுகளால் ஆகியதன்று. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வளைந்த கண்ணாடிகளால் ஆகியது. தொட்டி போல் வளைந்த கண்ணாடி, தன்மேல் விழும் கதிர்களை யெல்லாம் நடுவிலோடும் ஒரு குழாயின்மேற் குவிக்கும். குழாயிலுள்ள திரவம் 400 பாகையை நெருங்கும் வெப்பமடைந்து நீரை நீராவியாக்க, அந்நீராவி சுழலியைச் சுற்றி மின்சாரம் தரும். சிறுவர் பூதக்கண்ணாடி கொண்டு காகிதத்தைச் சுடும் விளையாட்டின் பெருவடிவம் இஃதெனலாம். இதிலும் நீராவியின் வெப்பத்தை மேலும் உயர்த்தச் சிறிது எரிவாயு எரிக்கப்படுகின்றது. நீரற்ற பாலையாதலின் நீராவியைக் குளிர்விக்க நீரைப் பயன்படுத்தாது காற்றையே பயன்படுத்தினர்.

விலை வீழ்ந்த வரலாறு

ஷம்ஸ்-1 சிறந்ததே, ஆயினும் பெருஞ்செலவினது. இம்முயற்சியை மெய்யாகவே வேரூன்றச் செய்தது, ஒளியை நேரே மின்சாரமாக்கும் தகடுகளின் விலை வீழ்ச்சியே. மணலினின்றும் பிரித்துத் தூய்மை செய்த சிலிக்கான் என்னும் பொருளால் இத்தகடுகள் செய்யப்படுகின்றன. ஒளி அவற்றின்மேற் பட்டவுடன் உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் பெயர்ந்து மின்னோட்டம் உண்டாகின்றது. நீராவி வேண்டா; சுழலி வேண்டா.

துபாய் அரசினர் நகருக்குத் தெற்கே பாலைநிலத்தில் முகமது பின் ராஷித் பெயரால் ஒரு பெரிய சூரியப் பூங்காவைத் தொடங்கினர். 2013-இல் அதன் முதற்கட்டம் 13 மெகாவாட் மட்டுமே. இரண்டாங் கட்டத்திற்கு விலை கேட்டபொழுது, 2015-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி யூனிட் ஒன்றுக்கு 5.84 அமெரிக்க சென்ட் என்று முடிவாயிற்று. 2016-இல் மூன்றாங் கட்டத்திற்கு 2.99 சென்ட், 2019-இல் ஐந்தாங் கட்டத்திற்கு ஏறத்தாழ 1.7 சென்ட். 2020-இல் அபுதாபியின் அல் தஃப்ரா நிலையத்திற்கு வந்த விலையோ 1.35 சென்ட். ஐந்தாண்டுக்குள் விலை நாலிலொரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது!

இதற்குக் காரணம் யாது? சீன நாட்டுத் தொழிற்சாலைகள் பேரளவில் தகடுகளைச் செய்து மலிவாக்கினமை ஒன்று. மேகமற்ற வானமும் பரந்த வெறுநிலமும் இரண்டு. விளையும் மின்சாரத்தை யெல்லாம் 25 ஆண்டுக்குக் குறையாமல் அரசே வாங்கிக்கொள்ளும் என்னும் உறுதியால், கடன் கொடுப்போர் குறைந்த வட்டிக்கு நெடுங்காலக் கடன் கொடுத்தமை மூன்று. வெயிலுக்கு விலையில்லை, தகடு வாங்கும் கடனுக்கு வட்டி உண்டு. ஆகவே இத்தொழிலில் வட்டி குறைந்தால் மின்சாரத்தின் விலையும் குறையும். எண்ணெய்ச் செல்வத்தால் வந்த நன்மதிப்பே இக்குறைந்த வட்டிக்கு ஒரு காரணமாயிற்று என்பது நோக்கத்தக்கது. பழைய செல்வம் புதிய செல்வத்திற்குப் பிணை நின்றது.

2019-இல் ஸ்வைஹானில் நூர் அபுதாபி என்னும் நிலையம் 32 இலட்சம் தகடுகளோடு 1,177 மெகாவாட் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்ற அல் தஃப்ரா நிலையமோ ஏறத்தாழ 40 இலட்சம் தகடுகளும் 2,000 மெகாவாட் ஆற்றலும் உடையது. அதன் தகடுகள் ஞாயிறு செல்லும் திசைநோக்கி மெல்லத் திரும்புவன. மணலிற் பட்டு மேலெழும் ஒளியையும் தம் பின்புறத்தாற் பற்றுவன.

புழுதியும் வெப்பமும் இரவும்

வெயில் மிகுந்த இடத்தில் எல்லாம் எளிதென்று கருதுதல் பிழை. அங்கு மூன்று இடையூறுகள் உள.

முதலாவது புழுதி. காற்றில் வரும் நுண்மணல் தகட்டின்மேற் படிந்து ஒளியை மறைக்கும். அதிகாலைப் பனியோடு கலப்பின் சேறுபோல் ஒட்டிக்கொள்ளும். கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்கும் நாட்டில் தகடு கழுவ நீரேது? ஆதலின் நீரின்றித் தூரிகையால் துடைத்துச் செல்லும் தானியங்கிப் பொறிகளை வரிசைதோறும் அமைத்தனர்.

இரண்டாவது வெப்பம். தகட்டுக்கு வேண்டியது ஒளி, வெப்பமன்று. தகட்டின் வெப்பம் 25 பாகைக்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் ஆற்றலில் நூற்றுக்குக் காலளவுக்கும் அரையளவுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு பங்கு குறையும். கோடை நண்பகலில் தகடு 65 பாகை வரை காயுமாயின், இச்சிறு குறைகள் சேர்ந்து பத்திலொரு பங்குக்கும் மேலாகும்.

மூன்றாவது இரவு. இதுவே பெரிது. ஞாயிறு மறைந்தபின்னும் அங்கு வெப்பம் தணிவதில்லை. குளிரூட்டும் பொறிகள் விடியுமளவும் ஓடுகின்றன. இதற்கு இருவகை மருந்து தேடினர். துபாய்ப் பூங்காவின் நான்காங் கட்டம் 2023 டிசம்பரில் திறக்கப்பெற்றது. அங்கு 262 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் உச்சியில், சுற்றிலுமுள்ள சுமார் 70,000 கண்ணாடிகள் கதிர்களைக் குவிக்கின்றன. அவ்வெப்பத்தால் ஒருவகை உப்பை உருக்கித் தொட்டிகளிற் சேமித்து, இரவில் அவ்வுப்பின் சூட்டால் நீராவி எடுப்பர். மற்றொரு மருந்து மின்கலம். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் மஸ்தார் நிறுவனத்தார் 5,200 மெகாவாட் தகடுகளையும் 19,000 மெகாவாட்-மணி கொள்ளும் மின்கலங்களையும் ஒருங்கே அமைத்து, இரவும் பகலும் இடையறாது 1,000 மெகாவாட் தரும் திட்டத்தை அறிவித்தனர். மாணவர் இவ்வெண்களைச் சற்றே கூர்ந்து நோக்குக. நாள்முழுதும் ஒரு பங்கு பெறவேண்டின் ஐந்து பங்கு தகடு விரித்தல் வேண்டும். ஞாயிறு நன்கு காயாத 19 மணிநேரத்திற்கும் சேமிப்பு வேண்டும். வெயில் இலவசம், ஆனால் இரவில் வெயிலை உண்ணுதல் இலவசமன்று.

இவற்றோடு நீர்ச்சிக்கல் ஒன்றும் உண்டு. பழைய நிலையங்கள் எரிவாயுவை எரித்து, ஒரே நீராவியால் மின்சாரமும் குடிநீரும் ஆக்கின. குளிர்காலத்தில் மின்சாரத் தேவை குறைந்தாலும் தாகம் குறைவதில்லை. ஆகவே வெயில் இருந்தும் எரிவாயுவை எரித்தே தீரவேண்டியிருந்தது. கடல்நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி உப்பை நீக்கும் முறையை மேற்கொண்டபின்னரே இத்தளை அறுந்தது. தவீலாவில் அமைந்த அத்தகைய நிலையம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் கனமீட்டர் நீரைத் தரவல்லது. ஒளிமின் தகடு விரித்தல் ஒரு பாதி வேலை. அதனை ஏற்கும்படி மற்றை அமைப்புக்களைத் திருத்துதல் மறுபாதி.

ஞாயிறு ஒன்றையே நம்பாமல் அணுவாற்றலையும் அந்நாடு நாடியது. பராக்காவில் நான்கு அணு உலைகளுள் முதலாவது 2021-இலும் நான்காவது 2024-இலும் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. நான்கும் சேர்ந்து நாட்டு மின்சாரத்தில் நாலிலொரு பங்கைத் தரத்தக்கவை. 2017-இல் வகுத்த திட்டத்தில் நிலக்கரிக்கும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஒதுக்கியிருந்தனர். ஆனால் துபாயின் ஹஸ்யான் நிலையம் நிலக்கரிக்கென்றே கட்டப்பெற்றிருந்தும் 2022-இல் எரிவாயுவுக்கு மாற்றப்பட்டது.

முரண்பாடு

இதுவரை கூறியவற்றால் அமீரகத்தின் முயற்சி ஆடம்பரமன்று என்பது பெறப்படும். திரையோ என்னும் ஐயம் எஞ்சி நிற்கின்றது.

அந்நாட்டரசின் எண்ணெய் நிறுவனமாகிய அட்னாக், நாளொன்றுக்கு 50 இலட்சம் பீப்பாய் எடுக்கும் வன்மையை 2030-இல் அடைவதாக இருந்ததை, 2027-இலேயே அடைவதென 2022-ஆம் ஆண்டு நவம்பரில் முடிவு செய்தது. மறு ஆண்டில் உலகக் காலநிலை மாநாடு துபாயிற் கூடியபொழுது, அதன் தலைவராக வீற்றிருந்தவர் மஸ்தாரின் முதல் தலைமை அலுவலராயிருந்தவரும் அப்பொழுது அட்னாக்கின் தலைவராயிருந்தவருமான சுல்தான் அல் ஜாபிர். இதனைப் பலர் குறை கூறினர். எனினும் புதைபடிவ எரிபொருளினின்றும் விலகிச்செல்ல வேண்டுமென்பதும், புதுப்பிக்கத்தக்க ஆற்றலை 2030-க்குள் மும்மடங்காக்க வேண்டுமென்பதும் அம்மாநாட்டிலேதான் எழுத்தில் ஏறின.

ஈண்டு ஒரு கணக்குமுறையை அறிதல் நன்று. உலக நாடுகளின் உடன்படிக்கைப்படி, கரிப்புகை எந்நாட்டில் எழுகின்றதோ அந்நாட்டின் கணக்கிலேயே அது பற்றெழுதப்படும். எண்ணெயை விற்ற நாட்டின் கணக்கில் அது சேராது. ஆகவே ஒரு நாடு தன் வீட்டு விளக்கை யெல்லாம் ஞாயிற்றுக்கு மாற்றி, மிஞ்சிய எண்ணெயைக் கப்பலேற்றி அனுப்புமாயின், ஏட்டில் அது தூய நாடாகவே தோன்றும். ஆனால் வானத்திற்கு எல்லைக்கல் இல்லை. கப்பலேறிய எண்ணெயின் புகை எங்கெழுந்தாலும், அதன் வெப்பம் வளைகுடாக் கரைக்கும் திரும்பி வரும்.

எண்ணெய் நாட்டார் இதற்குக் கூறும் விடையும் புறக்கணிக்கத் தக்கதன்று. "வாங்குவோர் இருக்குமளவும் விற்போர் இருப்பர்; நாம் விற்காவிடில் வேறொருவர் விற்பர்; விற்ற பொருளைக்கொண்டு அடுத்த தலைமுறைக்கு வேறு வாழ்வு தேடுகின்றோம்" என்பர். இதில் உண்மை உண்டு. ஆயினும் பழைய நகையை விற்று நிலம் வாங்குவோன் அறிவுடையோன். நிலம் வாங்கியதைக் காட்டி நகையை மேலும் மேலும் உருக்குவோன் அங்ஙனமல்லன். இரண்டனுள் எது நிகழ்கின்றது என்பதை விரித்த தகடுகளின் எண்ணிக்கையால் அறிதல் இயலாது. கப்பலேறும் பீப்பாய்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறுகின்றதோ இறங்குகின்றதோ என்பதே உரைகல்லாகும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கென்று சிலர் வினவலாம். நம் ஊர்களில் வளைகுடாவிலிருந்து வரும் பணத்தாற் கட்டிய வீடுகள் எத்தனை! அங்கு உழைக்கும் தந்தையின் பொருளால் கல்லூரியிற் பயிலும் மாணவர் எத்தனை பேர்! கோடையில் நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்வித்தலாகாதென்று அந்நாட்டில் சட்டம் உண்டு. அவ்வளவு கொடிய வெயிலின்கீழ்ப் பாலையில் உழைப்போரில் நம்மவரும் உளர். எண்ணெய்க்கு முத்தின் கதி நேருமாயின், அத்துன்பம் அந்நாட்டாரோடு நில்லாது. நம் சிற்றூர்களின் அடுப்படி வரையிலும் வந்து சேரும். முத்து வீழ்ந்த நாளில் அவர்களுக்கு வேறொரு செல்வம் ஆயத்தமாக இல்லை. எண்ணெய் வீழுநாளில் இருக்குமா என்பதே அத்தகடுகள் நமக்கு எழுப்பும் வினா.

நாம் கொள்ளவேண்டிய பாடம் இதுவே. செல்வம் உள்ள காலத்தே மாற்றுத் தொழிலைத் தேடுதல் வேண்டும். பிணை நிற்கப் பழைய பொருள் இருக்கும்பொழுதே புதிய பொருளுக்குக் குறைந்த வட்டியிற் கடன் கிடைக்கும். அமீரகத்தார் இதனை உணர்ந்து தொடங்கிவிட்டனர்; அது பாராட்டற்குரியது. தொடங்கியதை முடித்தல், அஃதாவது விளைவை உண்ணத் தொடங்கியபின் முதலை மேலும் கரைக்காது விடுதல், இன்னும் அவர்கள்முன் நிற்கும் கடமை. அக்கடமை அவர்க்கு மட்டும் உரியதன்று. அவ்வெண்ணெயை விலைகொடுத்து வாங்கி எரிக்கும் நமக்கும் உரியதே. செக்குடையான் எண்ணெய் விற்பதை நிறுத்துவது, சந்தையில் வாங்குவோர் வேறு விளக்கை ஏற்றிக்கொள்ளும் நாளிலேதான்.